மூன்று மடங்கு ஃபண்டுக்கு ஏன் பூட்டு?

2019 நவம்பரில் அமெரிக்காவின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி. ஒரு வரைவு விதி கொண்டுவந்தது: லெவரேஜ்டு ஃபண்டு (சந்தைக் குறியீட்டின் அன்றாட ஏற்ற இறக்கத்தை இரண்டு, மூன்று மடங்காகத் தருவது), இன்வெர்ஸ் ஃபண்டு (குறியீடு இறங்கினால் ஏறுவது) வாங்க வருபவரின் வருமானம், அனுபவம் எல்லாம் விசாரித்து, கணக்குக்கு ஒப்புதல் தந்த பிறகே புரோக்கர் ஆர்டரை ஏற்க வேண்டும். சிறு முதலீட்டாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் வலுவான வாதம் ஒன்று உண்டு: ஷார்ட் செய்தால் (விலை இறங்கும் என்று நம்பி, கடன் வாங்கிய பங்கை விற்றால்) நஷ்டத்துக்கு எல்லை கிடையாது, இன்வெர்ஸ் ஃபண்டில் போட்ட பணத்துக்கு மேல் போகாது. 2020 அக்டோபரில் இறுதி விதி 18எஃப்-4 வந்தபோது அந்த விசாரணைப் பகுதி அதில் இல்லை.

சரி, ஆனால் தினசரி ரீசெட் கணக்கை, அதாவது மடங்கு ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்கிடப்படுவதை, யாரும் ரத்து செய்ய முடியாது. குறியீடு 100லிருந்து 90க்கு இறங்கி மறுநாள் 100க்கே திரும்பினால், மூன்று மடங்கு ஃபண்டு 70க்கு விழுந்து 93.33இல்தான் நிற்கும். ஃபண்டு பிடிக்கும் ஆண்டுக் கட்டணமான செலவு விகிதம் தனி. ஊசலாடும் சந்தையில் மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இதுதான் அடி. ஒரே திசையில் தொடர்ந்து ஏறினாலோ, மூன்று மடங்குக்கு மேலேயே கிடைக்கும்.