ஒரு கதவு, பன்னிரண்டு நிறம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றை மனதில் வைத்து சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசையான லயத்தில் பன்னிரண்டு வீடு, கதவெல்லாம் ஒரே நீலம். பார்த்த தம்பி, "என்னண்ணே, எல்லாருக்கும் ஒரே பெயிண்ட் வாளியா?" என்று சிரித்தான்.

கையால் மாற்றப் பொறுமையில்லை, அதனால் பைத்தானில், படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: படத்தை எச்எஸ்விக்கு (நிறவகை, நிறச்செறிவு, வெளிச்சம் என்று மூன்றாகப் பிரிக்கும் முறை) மாற்றி, அதில் நிறவகையைச் சொல்லும், 0 முதல் 255 வரை போகும் ஹியூவோடு 21, 42 என்று கூட்டிக்கொண்டே போய், 255ஐத் தாண்டினால் மறுபடி 0இலிருந்து சுற்றவிட்டு, திரும்ப ஆர்ஜிபிக்கு மாற்றி பிஎன்ஜியாகச் சேமித்தால் சரி.

சரி என்றுதான் நினைத்தேன். கதவோடு சேர்ந்து துருப்பிடித்த பிணைச்சலும் பச்சையாகிவிட்டது! தகரம் மட்டும் அசையவேயில்லை, சாம்பல் நிறத்தில் சாச்சுரேஷன், அதாவது நிறச்செறிவு, பூச்சியம் என்பதால் ஹியூவை எவ்வளவு திருப்பினாலும் அது சாம்பல்தான். அப்புறம் பலகைக்கு மட்டும் கறுப்பு வெள்ளையில் ஒரு மாஸ்க் வரைந்தேன், வெள்ளை இருக்கும் இடத்தில்தான் நிறம் மாறும். எங்கே ஒளிபுகும் என்று சொல்லும் ஆல்பாவை முதலிலேயே தனியாக எடுத்துவைத்துக் கடைசியில் ஒட்டவேண்டும், எச்எஸ்வியில் அதற்கு இடமில்லை. மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் நார்மல் மேப் படத்தை மட்டும் இதற்குள் போட்டுவிடாதீர்கள், அதில் இருப்பது நிறமல்ல, திசை.

தம்பிக்கு இப்போது அந்த ரோஸ் கதவு பிடிக்கவில்லையாம்.