வெள்ளவத்தைப் பராத்தா

"தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கவலை" என்று தில்லியில் எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதில் பொய்யில்லை. கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதியின் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். புடவைக்கடையிலும் நகைக்கடையிலும் மருந்துக்கடையிலும் தமிழிலேயே காரியம் நடக்கும். மனைவிக்குக் கோட்டையில் அலுவலகம். 100, 101 பேருந்துகளில் எது முதலில் வருகிறதோ அதில் ஏறிக்கொள்வாள். எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. விசாவுக்குப் பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்துக்கு நடந்தது, வாடகை முன்பணம், வங்கிக் கணக்கு இதெல்லாம் எந்த நாட்டுக்குப் போனாலும் உள்ள பாடுதான், சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. கொழும்பில் நான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது மாவு.

நான் வளர்ந்தது தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், அரசு ஊழியர் குடியிருப்பில். ஞாயிற்றுக்கிழமை இட்லி, மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூட டப்பாவில் பராத்தா. மேல்மாடிப் பஞ்சாபி மாமியிடம் அம்மா கற்றுக்கொண்டது. குளிர்காலத்தில் முள்ளங்கியும் காலிஃப்ளவரும், மற்ற மாதங்களில் உருளைக்கிழங்கு. சாந்தினி சௌக்கின் பராத்தேவாலி கலி என்கிற சந்தில் பராத்தாவை நெய்யில் முக்கிப் பொரித்துத் தருவார்கள். நெடுஞ்சாலையோர முர்த்தல் தாபாக்களில் வெண்ணெயை உருண்டையாகத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். இரண்டும் கடைப் பண்டம், எப்போதாவது சாப்பிடலாம். வீட்டுப் பராத்தா கல்லில் சுடுவது, கொஞ்சம் நெய் போதும். உள்ளே இருக்கும் கிழங்கு வெளியே எட்டிப் பார்க்காமல் ஓரம்வரை போயிருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

கொழும்புக் கடையில் கோதுமை மா என்று கேட்டால் கிடைப்பது வெள்ளை மா, நம் ஊர் மைதா மாதிரி. தவிடோடு வேண்டுமென்றால் ஆட்டா மா என்று கேட்க வேண்டும். இலங்கையில் கோதுமைச் சாகுபடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தானியம் கப்பலில் வருகிறது, ஆலைகள் அரைத்துக் கொடுக்கின்றன. திருகோணமலைச் சீனக்குடாவில் இருக்கும் பிரிமா ஆலை 1980இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. பாண் என்கிற பிரெட், பணிஸ் என்கிற பன், கொத்து ரொட்டி, அடுக்குப் பராட்டா எல்லாம் அந்த வெள்ளை மாவில்தான். நன்றாக இழுபடும், கிழியாது. ஆனால் அதை மட்டும் வைத்துப் பராத்தா போட்டால் சூட்டில் நன்றாயிருக்கும், ஆறியதும் தோலாகிவிடும்.

சக்கி என்கிற கல் இயந்திரத்தில் அரைத்த ஆட்டா வேறு மாதிரி. கல்லுக்கு நடுவே நசுங்கும்போது மாவுச்சத்தின் மணிகள் உடைவதால் அது தண்ணீரை அதிகம் குடிக்கும். குடித்த தண்ணீர்தான் ரொட்டியை மறுநாள்வரை மெத்தென்று வைத்திருக்கிறது. முதலில் தில்லியிலிருந்து பெட்டியில் ஆட்டா கொண்டுவந்துகொண்டிருந்தேன். விமானத்தில் எடை கட்டிக் கோதுமை சுமப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று மனைவி சொன்னாள். இப்போது இங்கே வாங்கும் ஆட்டாவில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு வெள்ளை மா கலந்துகொள்கிறேன். ஆட்டா மிருதுவைக் கொடுக்கிறது, வெள்ளை மா பூரணத்தைப் பொத்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தனி ஆட்டாவை விட இது எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாவைவிடப் பெரிய சங்கதி ஈரம். தில்லிக் குளிரில் பிசைந்த மாவைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் மேலே பொருக்குத் தட்டும். இங்கே கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறது. உப்பு டப்பாவே கசிகிறது, மாவு எப்படிக் காயும்? தில்லிக் கணக்குக்குத் தண்ணீர் விட்டால் பலகையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மேல்மாவு தூவினால் கல்லில் கருகும். அதனால் தண்ணீரைக் கை கேட்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிசைந்தபின் அரைமணி நேரமாவது மூடி வைக்கிறேன். அந்த அரைமணியில் மாவு தானாகவே இளகிக் கொடுக்கும். அவசரக்காரர்கள் பாண் வாங்கிச் சாப்பிடலாம். சாயங்காலம் பீத்தோவன் இசையை ஒலித்தபடி சூன் பாண் முச்சக்கர வண்டி தெருவுக்கே வருகிறது.

உருளைக்கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைக்க வேண்டும். வெட்டி வேகவைத்தால் வெட்டிய முகமெல்லாம் தண்ணீர் குடிக்கும். வெந்ததும் உரித்து, தட்டில் பரப்பி, ஆவி முழுக்கப் போகவிட வேண்டும். பிறகு மசிக்காமல் துருவியில் துருவுகிறேன். கட்டி இருக்காது, பசையும் ஆகாது. கட்டி ஒன்று இருந்தால் போதும், தேய்க்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும். பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி இலை, வறுத்துப் பொடித்த சீரகம், கையால் கசக்கிய ஓமம். மாங்காய்த் தூள் இல்லாத நாளில் தேசிக்காய் என்று இங்கே சொல்கிற எலுமிச்சையைப் பிழிய வேண்டாம், அது மறுபடி ஈரம். புளிப்புக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வைத்துக்கொண்டால் போயிற்று. உப்பைக் கடைசியில், உருட்டுவதற்குச் சற்று முன்தான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வெங்காயமும் மிளகாயும் தண்ணீர் விட்டுவிடும். நான் வெங்காயமே போடுவதில்லை.

மாவு உருண்டை எவ்வளவோ, பூரணமும் அவ்வளவு. மாவைக் கையால் தட்டும்போது நடு தடிமனாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும். பூரணத்தை வைத்து ஓரத்தைச் சேர்த்துத் திருகி, மிஞ்சிய கொண்டையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி சற்று விட்டுவிட வேண்டும். அப்புறம் விரலால் சுற்றிலும் அமுக்கிவிட்டுப் பூரிக்கட்டையைக் கையில் எடுத்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. முள்ளங்கிக்கு வேறு வழி. துருவி, உப்புப் போட்டு, பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மாவைப் பிசையலாம், வாசனை உள்ளும் புறமும் இருக்கும். முள்ளங்கியை உருண்டைக்குள் அடைப்பதைவிட, மெல்லிய இரண்டு வட்டங்களுக்கு நடுவே பரப்பி ஓரத்தை அழுத்தி மூடுவது நல்லது.

எதிர் ஃபிளாட்டில் ஒரு ஆன்ட்டி, இங்கத்துப் பேச்சில் அன்ரி, இருக்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். முதன்முதலாகத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒன்றைப் பிய்த்து உள்ளே உற்றுப் பார்த்தார்.

"இது எங்கட மரக்கறி ரொட்டி தானே தம்பி. நாங்கள் மூலைமுக்கா மடிக்கிறது, நீங்கள் உருட்டியிருக்கிறியள்."

எனக்குச் சுருக்கென்றது. பஞ்சாபின் பெருமையைத் தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்லட்டுக்கும் மீன் அடைத்த மாலு பாணுக்கும் பக்கத்தில் அடுக்கிவிட்டாரே! அன்றைக்குச் சாயங்காலமே இறங்கிப் போய் மரக்கறி ரொட்டி ஒன்று வாங்கினேன். இவ்வளவு நாளும் ஏன் வாங்கிப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை, சமோசா வகை என்று நினைத்துக் கடந்திருப்பேன்.

பிறகு ரொட்டி போடுகிறவரின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளை மா உருண்டைகள் வரிசையாக எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து எண்ணெய் பூசிய பலகையில் உள்ளங்கையாலேயே பரத்துகிறார். பலகை தெரிகிற அளவுக்கு மெல்லிசு. கட்டையே கிடையாது. வதக்கிய கிழங்கு, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், கேரட், கறிவேப்பிலை, மிளகாய்த் தூள் கலவையை ஒரு முனையில் வைத்து முக்கோணமாக மடித்து மடித்து வந்து, பெரிய இரும்புக் கல்லில் ஒவ்வொரு முகமாக வைத்து எடுக்கிறார். மடிப்பதால் பூரணம் சற்று ஈரமாக இருந்தாலும் குற்றமில்லை, நாலைந்து மடிப்பு மா அதைத் தாங்கும். நம்முடையதில் ஒரே ஒரு தோல். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அன்ரி சொன்னது பாதிக்கு மேல் உண்மை.

"லீக்ஸைப் போட்டுப் பாரும்" என்று அடுத்த தரம் சொன்னார். நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ் வெள்ளவத்தைச் சந்தையில் எப்போதும் கிடக்கும், நல்ல காலிஃப்ளவர்தான் விலையைக் கேட்டால் திரும்பி நடக்கவைக்கும். லீக்ஸின் மடிப்புகளில் மண் ஒளிந்திருக்கும், நெடுக்காகப் பிளந்து கழுவ வேண்டும். பொடியாக அரிந்து, உப்பில்லாமல், கொஞ்ச எண்ணெயில் அது விடுகிற தண்ணீரெல்லாம் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துத் துருவிய கிழங்கோடு சேர்த்தால் வெங்காயம் செய்ய வேண்டிய வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. மிளகும் கறிவேப்பிலையும் போதும், கரம் மசாலா வேண்டாம். தில்லிக்காரன் சொல்கிறேன், காலிஃப்ளவர் பராத்தாவை விட லீக்ஸ் பராத்தா ஒரு படி மேல்.

அந்தத் தைரியத்தில் மரவள்ளிக்கிழங்கிலும் செய்தேன். நடு நாரை எடுத்துவிட்டு, மூடாமல் நன்றாக வேகவைத்து மசித்தால் உருளையைவிட இறுக்கமான பூரணம், தேய்க்கச் சுகம். அன்ரி வந்து எட்டிப் பார்த்தார். அம்மியில் நசுக்கின இஞ்சி பக்கத்தில் இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் கீழ்மாடிக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"மரவள்ளியும் இஞ்சியும் சேரக்கூடாது! சின்னப் பிள்ளைக்கும் தெரியும் உது!"

நஞ்சாகிவிடும் என்பது இங்கே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள விதி. நான் வாதாடவில்லை. மரவள்ளிக்குச் செத்தல் என்கிற காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் வறுத்துப் போட்டு இஞ்சியை விட்டுவிட்டேன். ருசியில் குறை தெரியவில்லை.

எனக்கும் அவருக்கும் இன்றுவரை தீராத வழக்கு அடுப்பு பற்றியது. பராத்தாவுக்குக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் பக்கம் எண்ணெயில்லாமல் லேசாகப் புள்ளி விழுந்ததும் திருப்பி, இரண்டாம் பக்கமும் புள்ளி விழுந்தபின்தான் நெய் தடவ வேண்டும். கல் சூடு குறைந்தால் வேக நேரமாகும், அதற்குள் காய்ந்து அப்பளமாகிவிடும். அன்ரியோ நான் அடுத்ததைத் தேய்க்கிற இடைவெளியில் கை நீட்டி அடுப்பை அணைத்துவிடுவார். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு நின்ற வரிசைகளையும், 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களையும் அவர் தாண்டி வந்தவர். அந்த மாதங்களில் கட்டடத்து ஆட்கள் மொட்டை மாடியில் கல் வைத்து விறகு மூட்டிச் சமைத்தார்களாம். "அப்ப இருந்திருந்தால் தெரியும்" என்பார். ஒரே வழி, எல்லா உருண்டைகளையும் முதலிலேயே தேய்த்து ஈரத்துணிக்குள் அடுக்கிவிட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவைப்பது. தேய்த்ததை அடுக்கினால் இந்த ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். நடுவில் எண்ணெய்த் தாள் வைக்கிறேன். எரிவாயு நிஜமாகவே மிச்சமாகிறது, அதை அவரிடம் ஒப்புக்கொள்வதில்லை.

போயா தினத்துக்கு இது சௌகரியமான சாப்பாடு. மாதத்துக்கொரு முழுநிலா விடுமுறை, இறைச்சிக்கடைகள் பூட்டு, மனைவியும் வீட்டில். தொட்டுக்கொள்ள மண்சட்டியில் வருகிற எருமைத் தயிர். கத்தியால் வெட்டலாம் போன்ற அந்தத் தயிரை இங்கே கித்துள் மரத்துப் பாகான கித்துள் பாணியை ஊற்றிக் கடைசியில் இனிப்பாகத்தான் சாப்பிடுகிறார்கள். உப்பும் சீரகமும் போட்டுப் பராத்தாவோடு நான் சாப்பிட்டபோது அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊறுகாய்க்குப் பதில் மாசிக் கருவாடு போடாத கட்டைச் சம்பல். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய் மட்டும். கிழங்குப் பூரணத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை தில்லியிலும் கிடையாது.

சென்ற போயாவுக்கு அன்ரி கனடாவில் இருக்கும் மகளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, என் அடுக்களையில் நின்றுகொண்டே செய்முறை சொன்னார். "ரெண்டு சுண்டு ஆட்டா மா, முக்கால் சுண்டுக்குக் கொஞ்சம் குறைய வெள்ளை மா, லீக்ஸ் வதக்கி..." அளவெல்லாம் என்னுடையது, பெயர் மட்டும் "உருட்டின மரக்கறி ரொட்டி". நான் குறுக்கே பேசவில்லை. அந்தப் பக்கமிருந்து மகள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அம்மா, இது ஆலு பராத்தா. இஞ்ச கடையில ஃப்ரோசன் பக்கற்றில கிடக்கு. நாங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் சாப்பிடுறனாங்கள்."

அன்ரி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார், நான்தான் அதை அங்கே கொண்டுபோய் விற்றதுபோல. பிறகு மகளிடம், "அதில லீக்ஸ் இருக்கோ?" என்று கேட்டார். இல்லையாம்.

"அப்ப எழுது" என்றார்.