முடிச்சோடு ஒரு சாண்: எங்கள் சுங்குடி இணையக்கடை நாட்குறிப்பு

ஜூன் 12, 2024, புதன்

அம்மா கையால் முடியும் மதுரை சுங்குடிச் சேலைகளை விற்க நானும் அக்காவும் தொடங்கிய தளம் திறந்து இன்றோடு 19 நாள் ஆகிறது. துணியில் நூலால் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி, பிறகு பிரித்தால் புள்ளி புள்ளியாக வரும் சேலை அது. 412 பேர் வந்து பார்த்திருக்கிறார்கள், ஆர்டர் இரண்டு. ஒன்று சித்தி போட்டது, இன்னொன்று அக்காவின் நாத்தனார். எங்களைத் தெரியாத ஒருவர்கூட இதுவரை வாங்கவில்லை. சாயங்காலம் ஆனால் அம்மா மடியில் துணியைப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "இன்னிக்கு யாராச்சும் வாங்கினாங்களாடி?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

அக்கா விளம்பரத்துக்கு ஐயாயிரம் போடலாம் என்றாள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை, முதலில் ஓட்டை எங்கே என்று பார்ப்போம் என்றேன். மத்தியானம் தோழி ஒருத்தி வந்திருந்தாள். வீட்டு வைஃபையைக் கொடுக்காமல், அவளுடைய பழைய போனிலேயே, அவள் டேட்டாவிலேயே தளத்தைத் திறந்து ஒரு சேலை வாங்கச் சொல்லிவிட்டு, எதையும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் படம் பாதி வந்து நின்றது, மீதி சாம்பல் நிறமாகவே இருந்தது. எப்படியோ ஒரு சேலைப் பக்கத்துக்குப் போனவள், "இது கையால முடிஞ்சதா, பிரிண்ட்டா?" என்று என்னைக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் அதற்கு விடையே இல்லை. கூடையில் போட்டாள். கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்டு வை என்று தளம் கேட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் பார்க்குறேன்" என்றாள்.

பத்து நிமிடம்தான். எங்கள் 412 பேரும் எங்கே போனார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

படங்களைத் திறந்து பார்த்தேன். அக்கா போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறோம், ஒவ்வொன்றும் 4 எம்பி, சிலது 5. முகப்பில் மட்டும் ஒன்பது படம். வெறும் முகப்பைப் பார்க்கவே ஒருவர் நாற்பது எம்பி டேட்டா செலவழிக்க வேண்டியிருந்தது. தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் போட்டுப் பார்த்தால், பெரிய படம் கண்ணுக்குத் தெரிய 11.8 விநாடி என்று காட்டியது. 2.5 விநாடிக்குள் வந்தால்தான் நல்லது என்பது கூகுளின் கணக்கு.

இரவு உட்கார்ந்து எல்லாப் படத்தையும் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, அளவு குறைவாக இருக்கும் வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றினேன். ஒரு படம் 150 கேபி அளவில் நின்றது, போனில் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. முகப்பில் தானாக ஓடிக்கொண்டிருந்த படவரிசையைத் தூக்கிவிட்டு, ஒரே ஒரு சேலை, அதன் கீழே விலை, ஒரு பொத்தான் என்று வைத்தேன். இப்போது 2.9 விநாடி. இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஆனால் தோழியின் போனில் சேலை உடனே வந்து நின்றதைப் பார்த்ததே நிம்மதியாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

கடைப் பெயரை அப்படியே கூகுளில் அடித்தாலும் எங்கள் தளம் வரவில்லை. புதுத் தளம், நாள் ஆகும் போல என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். இன்று எங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்போது, தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது! தளம் கட்டிக்கொடுத்தவர் வேலை நடக்கும்போது மூடி வைத்தது, திறக்கும்போது எடுக்க மறந்திருக்கிறார். டிக்கை எடுத்தேன், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்தேன். புதுத் தளம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே இந்த ஒரு கட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது பெயர்கள். எங்கள் சேலைப் பக்கங்களுக்கெல்லாம் எஸ்என்ஜி 014, எஸ்என்ஜி 015 என்று இருப்பு நோட்டில் உள்ள எண்ணைத்தான் தலைப்பாக வைத்திருந்தோம். அந்த எண்ணை யார் தேடுவார்கள்? 'கையால் முடிந்த மதுரை சுங்குடிச் சேலை, அரக்கு' என்று மாற்றினேன். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்கள் சுங்குடியை எஸ்ஸில் தொடங்கியும் அடிக்கிறார்கள், சிஎச்சில் தொடங்கியும் அடிக்கிறார்கள், நடுவில் டியா தியா என்பதிலும் ஆளுக்கு ஒரு மாதிரி. விளக்கத்தில் முக்கியமான இரண்டு எழுத்துக்கூட்டலையும் இயல்பாக வருகிற மாதிரி ஒருமுறை எழுதி வைத்தேன், திணிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்கள் இத்தனை வருடமாக என்னென்ன கேட்பார்கள் என்று சொல்லச் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள், அக்கா எழுதினாள். சாயம் போகுமா, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா, நீளம் பத்துமா, கஞ்சி போட்டதா, புள்ளி கை முடிச்சா அச்சா, மெஷினில் போடலாமா. பதினோரு கேள்வி வந்தது. எங்கள் தளத்தில் விடை இருந்தது இரண்டுக்குத்தான், விலையும் நிறமும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நின்று வாங்குகிறவர் சேலையை விரிப்பார், பின்பக்கம் புரட்டுவார், விரலால் தடவுவார், கடைக்காரரை நாலு கேள்வி கேட்பார், அப்புறம்தான் பணத்தை எடுப்பார். போனில் பார்க்கிறவருக்குத் தடவிப் பார்க்க வழியில்லை. நாம் எழுதியிருப்பதுதான் அவருக்கு விரல்.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதினேன்: சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கை 80 செ.மீ. சேர்ந்தே வரும், 80-ஆம் நம்பர் பருத்தி நூல், லேசான கஞ்சி. சாயம் பற்றி எழுதும்போதுதான் அக்காவுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. "முதல் இரண்டு துவைப்பில் சாயம் கொஞ்சம் இறங்கும். கல் உப்புக் கரைத்த தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள்" என்று எழுதியிருந்தேன். "சாயம் போகும்னு நீயே எழுதினா எவ வாங்குவா?" என்று அக்கா கேட்டாள். வாங்கி, மற்ற துணியோடு ஊறவைத்து, எல்லாம் சிவப்பாகித் திட்டுகிறவர் மறுபடி நம் பக்கமே வரமாட்டார் என்று நான் சொன்னேன். அம்மா தலை நிமிர்ந்து, "வீட்டுக்கு வர்றவங்ககிட்ட நான் அதைச் சொல்லித்தானே குடுக்குறேன்" என்றாள். எழுதியது அப்படியே இருக்கிறது.

ஜூன் 29, சனி

சித்தி அரக்குச் சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "படத்துல செங்கல் கலர்ல இருந்துச்சும்மா, வந்தது வேற" என்றார். சொந்தம் என்பதால் காரணத்தைச் சொன்னார், மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் அது.

இன்று காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், எல்லாச் சேலையையும் மறுபடி எடுத்தோம். வெயில் நேராக விழாத வெளிச்சம், ஃபிளாஷ் இல்லை, ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாள் வெள்ளையாகத் தெரிகிற வரை நிறத்தைச் சரிசெய்தால் அரக்கு அரக்காகவும் மயில்கழுத்து மயில்கழுத்தாகவும் வந்துவிடுகின்றன. ஒரு சேலைக்கு ஐந்து படம்: முழுச் சேலை, முந்தானை, கரை, பின்பக்கம், கிட்டத்தில் புள்ளி. புள்ளிப் படத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தோம், அளவு தெரியட்டும் என்று.

கிட்டத்தில் எடுத்த அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூல் இறுக்கிய இடத்தில் சின்ன வெள்ளை வளையம், அதற்கு நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சாயம். எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இல்லை, துணி அங்கங்கே மெல்லச் சுருங்கி மேலே எழும்பி நிற்கிறது. அச்சுச் சேலையில் இந்த எழுச்சி வராது, புள்ளிகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்கும். மெழுகு அச்சுச் சுங்குடியும் நல்ல சேலைதான், விலையும் குறைவு, ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிற இடத்தில் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும் இல்லையா.

ஜூலை 5, வெள்ளி

இன்று முழுக்கப் பணம் கட்டும் பக்கம். இணையத்தில் கூடை நிரப்புகிறவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்று பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துச் சராசரி சொல்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. கடைசியில் ஏறும் கூடுதல் கட்டணமும் கட்டாயக் கணக்கும் ஆட்களைத் துரத்தும் காரணங்களில் முக்கியமானவை, எங்களிடம் இரண்டுமே இருந்தன.

வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் அமைப்பில் கணக்கு இல்லாமல் வாங்கலாம் என்பதைத் திறந்துவிட்டேன். மொத்தம் 14 கட்டம் நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்தது, நிறுவனத்தின் பெயர்கூட! பெயர், போன், முகவரி, பின்கோடு என்று ஏழாகக் குறைத்தேன். 90 ரூபாய் அனுப்புக் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது, அதைச் சேலைப் பக்கத்திலேயே விலைக்குக் கீழே எழுதினேன். பிறகு வாடிக்கையாளர் மாதிரி நானே ஒரு சேலை வாங்கிப் பார்த்தேன். என் போனில் வாட்ஸ்அப்பின் பச்சை வட்டம், பணம் கட்டும் பொத்தானின் மேல் பாதியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணினியில் பார்த்தபோது அது ஒதுங்கி ஓரமாக இருந்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. கடை வைத்திருக்கிறவர்கள் வாரம் ஒருமுறையாவது தன் கடையில் தானே போனில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

யுபிஐ முதலில் வருகிற மாதிரி மாற்றினேன். பார்சலை வீட்டில் கொடுக்கும்போது பணம் வாங்குவதை எடுக்கவில்லை, புதுக் கடையை நம்ப அது சிலருக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் பார்சல் திரும்பினால் போக்குச் செலவும் வரத்துச் செலவும் நம் தலையில். அதனால் அந்த ஆர்டர்களுக்கு மட்டும் அக்கா போன் செய்து உறுதிசெய்த பிறகே கட்டுவது என்று முடிவு.

ஜூலை 6, சனி

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுடன் சேர்ந்து வந்த ஒரு சின்ன நிரல், "இப்போது 23 பேர் இந்தச் சேலையைப் பார்க்கிறார்கள்" என்று ஒவ்வொரு பக்கத்திலும் காட்டிக்கொண்டிருந்தது. அது பொய். எங்கள் தளத்துக்கு ஒரு நாளைக்கே அத்தனை பேர் வருவதில்லை. இன்று நீக்கினேன். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறையில் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், பொய் அவசரமும் அதில் உண்டு, கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காட்டுவதும் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மாவின் கை வேலையைப் பொய் சொல்லி விற்க எனக்கு மனசு வரவில்லை.

அதே கையோடு, கடை முகவரி, திருப்பி அனுப்பும் முறை, குறை கேட்பவராக அக்காவின் பெயரும் எண்ணும் அடிப்பக்கத்தில் சேர்த்தாயிற்று. 2020-இன் மின்வணிக விதிகள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன.

ஜூலை 11, வியாழன்

கை முடிச்சா அச்சா என்ற கேள்வி மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. எழுதியிருக்கிறோம், படம் போட்டிருக்கிறோம், அப்படியும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். நேற்று ராத்திரி அம்மாதான் வழி சொன்னாள். "முந்தானை ஓரத்துல ஒரு சாண் முடிச்சைப் பிரிக்காம விட்டு அனுப்பு. பார்த்தா தெரிஞ்சிட்டுப் போகுது."

சாயப்பட்டறையில் இருந்து வந்து காய்ந்திருந்த கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்தோம். அதில் அம்மா எண்ணிப் போட்ட முடிச்சு 4,000-க்கு மேல், பத்து நாள் வேலை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் நூல் தெறித்து முடிச்சுகள் பட்பட்டென்று பிரியும், உள்ளே மறைந்திருந்த வெள்ளை வரிசையாகக் கண்ணைத் திறக்கும். சின்ன வயதில் இதற்காகவே நானும் அக்காவும் சண்டை போடுவோம். இன்று அதை 20 விநாடி வீடியோ எடுத்து, பாட்டு எதுவும் சேர்க்காமல் அந்தச் சத்தத்தோடு அப்படியே போட்டேன். ஓரத்தில் ஒரு சாண் முடிச்சோடு நிற்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. ஊரெல்லாம் தள்ளுபடிப் பலகை. நாங்கள் விலையைக் குறைக்கவில்லை, சேலை விலையான 2,200 ரூபாயில் குறைத்தால் குறைவது அம்மாவின் கூலிதான்.

வீடியோவை இன்ஸ்டாகிராமில் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அங்கே கொடுத்த இணைப்பு முகப்புக்குப் போனது. கத்தரிப்பூச் சேலையைப் பார்த்து வந்தவர் முகப்பில் அரக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நேராக அந்தச் சேலைப் பக்கத்துக்கே மாற்றினேன். மாற்றி மூன்று மணி நேரத்தில், மத்தியானம் 2.40-க்கு, போன் அதிர்ந்தது. திருநெல்வேலியில் இருந்து ஒருவர், பணம் கட்டிவிட்டார். எங்களுக்கு யாரென்றே தெரியாதவர். அக்கா பெயரை இரண்டு முறை வாசித்து, "நம்ம சொந்தம் இல்லையேடி?" என்று உறுதிசெய்துகொண்டாள்.

ஜூலை 26, வெள்ளி

ஜூன் 12-க்குப் பிறகு வந்தவர்கள் 1,130 பேர், ஆர்டர் 17, அதில் 15 வெளியாட்கள். நூறு பேர் வந்தால் ஒன்றரைப் பேர் வாங்குகிறார்கள், முன்பு அரைப் பேர், அதுவும் சொந்தம். சாயம் இறங்கும் என்று எழுதியதைப் பற்றி ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. துவைக்கும் முறையைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி என்று இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டார்: "ஒன்பது கஜத்தில் கிடைக்குமா? முழுச் சேலையும் முடிச்சோடவே அனுப்புங்கோ, நாங்களே வீட்டில் உட்கார்ந்து பிரிச்சுக்கறோம்." அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்பது கஜம் என்றால் எட்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா விரல் விட்டு முடிச்சுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் 'ஒன்பது கஜம்' என்று ஒரு புதுப் பக்கம் திறந்து, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டு, அவள் சொல்லக் காத்திருக்கிறேன்.