விதி பறிக்கவில்லை

பாபநாசம் போகிற சாலையில், எங்கள் ஊர் முக்கில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். 17 வயதுப் பையன். எந்த வண்டியில் போய் இறந்தானோ, அதே வண்டியில் சாய்ந்து நிற்கிறான். 'விதி பறித்துக்கொண்டது' என்று எழுதியிருக்கிறார்கள்.

விதி இல்லை. குறுவை நெல் காயப்போட்டதில் பாதி ரோடுதான் மிச்சம். அதில் முறுக்கிக்கொண்டு வந்தான். நெல்மேல் டயர் ஏறினால் பிரேக் பிடிக்காது என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நிற்க ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

அவன் அம்மா அழுததைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் நெல் கிளறிக்கொண்டிருந்த அக்கா, அவன் மோதி இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடக்கிறார். அவரை விசாரிக்கக்கூட ஆள் போகவில்லை.

18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி விபத்தானால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. துக்க வீட்டில் இதைப் பேசமாட்டார்கள், சரி. ஆனால் கருமாதி முடிந்ததும் கூட்டாளிகள் சைலன்சரைக் கழற்றிவிட்டு அஞ்சலி ஊர்வலம் போனார்கள். தெருவே நின்று கும்பிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அந்த அக்காவின் வைத்தியச் செலவைத்தான் முதலில் எடுக்கச் சொல்லப்போகிறேன்.