சுவரை மூடுவதற்கு முன்: எங்கள் பேஸ்மென்ற் திருத்த வேலை, இதுவரை

2024 மார்ச் 9, சனிக்கிழமை. பேஸ்மென்ற்றில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், குளியலறைக்குப் பின்பக்கச் சுவரை மூடியிருந்த ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) ஒன்றின் முதல் துண்டை இழுத்து எடுத்தேன். குளிர்காலம் முழுக்கக் கீழே பூஞ்சண மணம் வருகிறது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. ஆனால் முதலில் கண்ணில் பட்டது ஈரம் அல்ல. இரண்டு வயர்களை முறுக்கி, ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி போட்டு, பெட்டி எதுவும் இல்லாமல் சுவருக்குள் அப்படியே தொங்கவிட்டிருந்தது. ஒன்று செம்பு, மற்றது அலுமினியம். மூடியின் வாய் உருகிக் கபில நிறமாகியிருந்தது. பக்கத்து மரத்தில் பெருவிரல் அகலத்துக்குக் கருகல்.

அந்த இணைப்பைப் போட்டது நான்தான், 2013ல்.

வீடு கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1974ல் கட்டியது. 2011ல் வாங்கினோம். மர வேலை, குழாய் வேலை எல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். வாங்கி இரண்டு வருடத்தில், மச்சானும் நானும் கட்டட வேலை தெரிந்த ஒரு அண்ணையும் சேர்ந்து, மூன்று வார இறுதிகளில் கீழே ஒரு அறையும் குளியலறையும் அடித்து முடித்தோம். நகரசபையின் கட்டட அனுமதி, அதாவது பெர்மிற், எடுக்கவில்லை. எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பெர்மிற் எடுத்தால் வரி கூட்டுவாங்கள், வந்து முழு வீட்டையும் கிண்டுவாங்கள், பேசாமல் செய்." பேசாமல் செய்தோம். விளக்கு எரிந்தது, தண்ணீர் ஓடியது. வந்தவர்கள் எல்லோரும் வடிவாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா நாலு வருடம் படுத்திருந்தார்.

இங்கே அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் கடைசி வரை கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயர்தான். அதில் தவறில்லை, இணைக்கிற இடத்தில்தான் கவனம் வேண்டும். அலுமினியம் சூடாகும்போது செம்பைவிடக் கூடுதலாக விரியும், ஆறும்போது சுருங்கும். அதன் மேல் படியும் ஒட்சைட்டு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சாதாரண மூடி போட்டு முறுக்கினால் நாள்பட இணைப்பு தளரும். தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் என்று அங்கீகரித்த இணைப்பிதான் போட வேண்டும். அது ஒரு பெட்டிக்குள், பிறகு திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பதினொரு வருடத்தில் பிரேக்கர் ஒருமுறைகூட விழவில்லை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் அது விழும். தளர்ந்த இணைப்போ வழக்கமான மின்சாரத்திலேயே சூடாகும்.

பிரேக்கரை நிறுத்திவிட்டு மேலே வந்து தேத்தண்ணி குடித்தேன். அன்று மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த இரண்டு வார இறுதிகளில் 2013ல் மூடிய எல்லாவற்றையும் திறந்தோம். பூஞ்சணத்துக்குக் காரணம் பேஸ்மென்ற்றின் உட்கூரைக்குள் கிடந்தது. குளியலறைக் காற்றாடியின் குழாய் வெளியே போகவே இல்லை. உட்கூரைப் பலகைக்கு மேல் இரண்டடி போய் அங்கேயே நின்றது. குளிக்கும் ஒவ்வொரு முறையும் வெந்நீர் ஆவியை வீட்டின் மரத்துக்குள்ளேயே தள்ளியிருக்கிறோம். குளிரைத் தடுக்கக் கொன்கிரீற் சுவரோடு அண்டி வைத்த பஞ்சு பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது.

மூன்றாவது பிழை குசினிக்கு நேர் கீழே. மேல்தளத்தைத் தாங்கும் ஜொய்ஸ்ற் மரங்களில் ஒன்றின் அடிப்பக்கத்தை, வடிகால் குழாய் போவதற்காக 60 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டியிருந்தோம். மரத்தின் முழு உயரமே 184 மில்லிமீற்றர். பாரம் ஏறும்போது ஜொய்ஸ்ற்றின் அடிப்பக்கம்தான் இழுபடும், அதனால் அங்கே வெட்டவே கூடாது. துளை போடலாம், அதுவும் உயரத்தின் காற்பங்குக்கு மேல் போகாமல், விளிம்பிலிருந்து 50 மில்லிமீற்றராவது தள்ளி. எங்கள் மரத்தில் துளை 46 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. குசினித் தரையில் நாலு ஓடுகளுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு வெடிப்பு இருக்கிறது. ஓடு தரம் குறைந்தது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். கீழே நின்று அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். வெடிப்பு அந்த வெட்டுக்கு நேர் மேலேதான் ஓடுகிறது.

இந்த முறை பெர்மிற் எடுப்பது என்று முடிவு செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை. கீழே வரப்போவது அக்காவின் மகன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து இங்கே படிக்க வருகிறான். நான் 1998ல் வந்தபோது ஐந்து பேர் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தோம். அங்கே இருந்த ஒரே யன்னலால் தலை மட்டும்தான் போகும். வெளியே போக வேண்டுமென்றால் மேல்வீட்டுக் குசினிக்குள்ளால்தான். அந்தக் குசினியில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று நாங்கள் ஐவரும் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவனை அப்படி ஒரு அறையில் விட எனக்கு மனம் வரவில்லை.

ஒன்ராறியோவில் பெர்மிற்றுக்குக் கேட்கும் வரைபடத்தை, சொந்த வீடு என்றால் வீட்டுக்காரரே வரைந்து கொடுக்கலாம். மூன்று வாரம் இரவுகளில் இருந்து கீறினேன். 2013 வேலையை மறைக்கவில்லை. எந்தச் சுவர், எந்தக் குழாய், எது அனுமதி இல்லாமல் செய்தது என்று வரைபடத்திலேயே குறித்தேன். பெர்மிற் இல்லாமல் வேலை தொடங்குவது இங்கே சட்டப்படி குற்றம். தனி ஆளுக்கு முதல் தடவையே 50,000 டொலர் வரை தண்டம் போட இடமிருக்கிறது. ஆகவே கொடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. நகரசபையில் என்னிடம் கேட்டது, இப்போது எந்தெந்தச் சுவர் திறந்திருக்கிறது என்பதைத்தான். எல்லாம் திறந்திருக்கிறது என்றேன். நல்லது, அப்படியே வையுங்கள் என்றார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வரிப் பயம் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். அது வெறும் வதந்தி இல்லை. பெர்மிற் விவரம் சொத்து மதிப்பிடும் நிறுவனத்துக்குப் போகும், மதிப்பு கூடினால் வரியும் கூடலாம். நான் அதைக் கணக்கில் வைத்துத்தான் எடுத்தேன். கருகிய மரத்தைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

முழுமையான விண்ணப்பம் கிடைத்தால், வீடுகளுக்குப் பத்து வேலை நாளுக்குள் நகரசபை முடிவு சொல்ல வேண்டும். எனது ஒருமுறை கேள்விகளோடு திரும்பி வந்தது. யன்னல் அளவும் புகை எச்சரிக்கைக் கருவிகளின் இடமும் கேட்டிருந்தார்கள். மே மாதம் பெர்மிற் கைக்கு வந்தது.

யன்னல் கதை இதுதான். பழையது 800க்கு 400 மில்லிமீற்றர், பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. தள்ளினால் பாதிதான் திறக்கும், 0.16 சதுர மீற்றர். படுக்கையறை இருக்கும் தளத்தில் ஆள் வெளியேறும் யன்னலுக்குச் சட்டம் கேட்பது 0.35 சதுர மீற்றர் திறப்பு, அதில் எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, கருவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். ஜூனில் கொன்கிரீற் வெட்டுபவர்களை அழைத்து யன்னலைக் கீழ்நோக்கி நீட்டினோம். புதியது கதவுபோல் முழுதாகத் திறக்கும். மகள் உள்ளே இருந்து ஏறி வெளியே போய்க் காட்டினாள். பிறகு நானும் போனேன். என் உடம்புக்கும் சிரமமில்லாமல் போக முடிந்தது.

ஜூலையில் குழாய் வேலை. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

வடிகாலுக்கான கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழாய்களை முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பார்ப்பேன். சாய்வு சரியா, ஓரடிக்குக் கால் அங்குலம் இறங்குகிறதா என்று மட்டம் வைத்துப் பார்ப்பேன். பென்சிலால் கோடு போட்டு, கழற்றி, பசை பூசித் திரும்ப மாட்டுவேன். இந்த முறை வடிகாலுக்குக் காற்று விடும் வென்ற் குழாயும் போட்டேன். 2013ல் அது இல்லாததால்தான் குளித்து முடிந்ததும் வடிகால் 'களக் களக்' என்று சத்தம் போட்டது. காற்று வர வழியில்லாமல், ட்ராப்பில், அதாவது வடிகாலின் வளைவில், நிற்க வேண்டிய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாய் மணம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது.

நகரசபையின் குழாய்ச் சோதனை இப்படி: கீழ்வாய்களை அடைத்து, வென்ற் குழாயின் மேல்வாயால் தண்ணீர் நிரப்ப வேண்டும். குறைந்தது 3 மீற்றர் உயரத் தண்ணீர் 15 நிமிடம் நிற்க வேண்டும், ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது. முதல்நாள் இரவு நானே நிரப்பிப் பார்த்தேன். சந்தேகமாக இருந்த நாலு இணைப்புகளையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தன. திருப்தியோடு படுத்தேன்.

காலையில் வந்த நகரசபை இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். டோர்ச் எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் சுட்டுவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். ஒன்றையும் விடவில்லை. முகம் கழுவும் தொட்டிக்குப் பின்னால், மரத்தோடு ஒட்டிய வளைவு ஒன்றில் விரல் நின்றது. எடுத்துக் காட்டினார், நுனி நனைந்திருந்தது. அந்த வளைவைப் பிடித்து இலேசாகத் திருப்பினார், திரும்பியது. பென்சில் கோடு போட்டிருக்கிறேன், பசை பூசவில்லை. பொருத்திப் பார்த்ததோடு மறந்துவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தாளில் எழுதினார். "மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. இதைச் சரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்றார். முழு வருகையும் இருபது நிமிடம் வந்திருக்கும். அந்த வளைவைச் சுவருக்குள் மூடியிருந்தால், வெளியே தெரிய எத்தனை வருடம் எடுத்திருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் கை கழுவும்போதெல்லாம் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. திருத்திவிட்டு அறிவித்தேன். தயார் என்று அறிவித்தால் இரண்டு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம், வந்தார். இந்த முறை எல்லா இணைப்பின் அடியிலும் நானே முதலில் விரல் ஓட்டி வைத்திருந்தேன்.

மின்சாரத்துக்கு வேறு ஆட்கள். அதை நகரசபை பார்ப்பதில்லை, ஒன்ராறியோவின் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தனியாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டு வேலையை நாமே செய்யலாம், ஆனால் அவர்கள் பார்க்கும்வரை மூடக் கூடாது. அலுமினிய இணைப்புகளில் நான் கை வைக்கவில்லை. உரிமம் உள்ள எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் தன் வேலைக்குத் தன் பெயரில் அறிவித்தார். புதிய வயர்களை நான் இழுத்தேன்.

ஆகஸ்டில் வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு இடம் காட்டினார். மரத்தின் முகப்பிலிருந்து 32 மில்லிமீற்றருக்குள் வயர் போனால், ட்ரைவோல் திருகாணி அதைக் குத்தாமல் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். ஒரு மரத்தில் நான் விட்டிருந்தேன். இன்னொரு இடத்தில், பெட்டியிலிருந்து 300 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டிய கிளிப் தள்ளிப் போயிருந்தது. அரைமணி நேரத்தில் இரண்டையும் சரிசெய்தேன். அவர் போன பிறகு நானே திரும்ப ஒருமுறை சுற்றிப் பார்த்தபோது மூன்றாவது ஒன்று அகப்பட்டது. சுத்தியலால் பலமாக அடித்ததில் ஒரு கிளிப் வயரின் தோலை நசுக்கியிருந்தது. அவர் அதைக் காணவில்லை. அவர்களும் மனிதர்கள்தானே, எல்லாம் கண்ணில் படாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து பெட்டிக்குப் புது வயர் இழுத்தேன்.

அறைக்குப் பக்கத்தில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். அதனால் கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி எங்கே வைப்பது என்பதை வரைபடத்திலேயே காட்டியிருந்தேன். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் பொலிஸ் அதிகாரி லோரி ஹாக்கின்ஸ், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இறந்தது. எரிவாயு நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டிருந்தது. மணமில்லாத வாயு, அவர்களுக்குத் தெரியவே இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் 2013ல் இங்கே இந்தக் கருவி பற்றிய சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் நான் அந்தச் சுவர்களை அடித்ததும் அதே வருடம்தான். அப்போது கீழே அப்படி ஒரு கருவி இருக்கவில்லை.

ஜொய்ஸ்ற்றுக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்கும் புதிய மரம் வைத்துப் போல்ட் போட்டாகிவிட்டது. காற்றாடிக் குழாய் இப்போது வெளிச்சுவரால் போகிறது. மரச்சட்டச் சோதனையும் பஞ்சு, பொலித்தீன் தாள் சோதனையும் போன வாரம் முடிந்தன. செலவு நான் நினைத்ததைவிடக் கூடிவிட்டது, செப்டெம்பரில் வர இருந்த மருமகனையும் ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறோம். அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஃபோனில் யன்னலைக் காட்டினேன். "இதால அவன் வெளிய வரலாமோ?" என்று கேட்டா. மகளைக் கூப்பிட்டு இன்னொருமுறை ஏறிக் காட்டச் சொன்னேன்.

சனிக்கிழமை மச்சான் வருகிறார். ட்ரைவோல் 32 தாள் கராஜில் அடுக்கியிருக்கிறது. முதல் தாளைத் தூக்குவதற்கு முன் எல்லாச் சுவரையும் நாடாவோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். குளியலறைச் சுவர் மட்டும் எடுத்தாகிவிட்டது, மற்ற மூன்றும் இருக்கின்றன.