நாரை மரத்தடி

சிங்கப்பூர் பாசிர் ரிஸ் பூங்காவில் எனக்கு முதலில் கொடுத்த வேலை, சதுப்புக் காட்டை ஒட்டிய நடைபாதையைக் கூட்டிக் கழுவுவது. பழைய ஆட்கள் புல் வெட்டப் போய்விடுவார்கள். புதிதாக வந்தவனுக்கு நாரை மரத்தடி. ஏன் என்பது முதல் நாளே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

70 ஹெக்டேர் பூங்காவில் 6 ஹெக்டேர் சதுப்புக் காடு. அதன் ஓரத்து உயர்ந்த மரங்களில்தான் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் பட்ட இலை வெந்துபோகும், தரை சுண்ணாம்பு கொட்டியதுபோல் கிடக்கும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் அடிக்க வேண்டும். காய்ந்தால் முதுகு ஒடியத் தேய்க்க வேண்டியதுதான். நிழலுக்காகக் காரை அங்கே விட்டுப் போகிறவர்கள், திரும்பி வந்து என்னையே முறைப்பார்கள், நான்தான் மேலேறி இருந்துவிட்டு வந்தவன்போல.

படம் எடுக்க வருகிறவர்கள் முழநீள லென்ஸோடு அண்ணாந்து நிற்பார்கள். எனக்குக் கண்ணெல்லாம் தரையில். ஆனால் சில மாதங்களில், விழுந்து கிடப்பதை வைத்தே மேலே நடப்பதைச் சொல்ல வந்துவிட்டது. குச்சிகள் நிறைய விழுந்தால் கூடு கட்டும் நேரம். ஆண் குச்சி கொண்டுவரும், பெண் வாங்கிச் செருகும். பக்கத்துக் கூட்டில் காவல் இல்லையென்றால் அங்கிருந்தே உருவிக்கொள்ளும். நழுவியதெல்லாம் என் துடைப்பத்துக்கு. குச்சி விழுவது நின்றால் அடைகாக்கிறது என்று அர்த்தம். ஏறக்குறைய 26 நாள் அந்த மரத்தடியில் எனக்குக் கொஞ்சம் ஓய்வு.

ஒரு நாள் காலையில் பாதி முட்டை ஓடு கிடைத்தது. ஊரில் பொங்கலுக்கு நீலம் கலந்து அடிக்கும் சுண்ணாம்பின் நிறம், அதில் இலேசான பச்சை. உட்புறத்து வெள்ளைத் தோல் ஓரத்தில் காய்ந்து சுருண்டிருந்தது. கரு படிந்திருந்தால் காக்கை குடித்த முட்டை; இது சுத்தமாக இருந்தது. சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்து சூப்பர்வைசர் அண்ணனிடம் காட்டினேன்.

“பொரித்துவிட்டதா? தம்பி, இனிமேல்தான் உனக்கு வேலையே” என்றார்.

குஞ்சு பயந்தால் விழுங்கிய மீனைக் கக்கிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. இலை ஊதும் எந்திரத்தை மரத்துக்கு நேர் கீழே முடுக்கினேன். பாதி செரித்த மீன் தோளில் வந்து விழுந்தது. அன்று மாலை லாரியில் எனக்கு இரு பக்கமும் இடம் காலி. அதன்பிறகு அந்த மரங்களுக்கு அடியில் துடைப்பம் மட்டுமே.

விடிவதற்குள் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று அடித்து ஓய்ந்த ஒரு நாள், குஞ்சு ஒன்று நடைபாதையில் நின்றது. முதல் முட்டையிலிருந்தே அடை தொடங்கிவிடுவதால் கடைசிக் குஞ்சு எப்போதும் சவலை. இது அந்தச் சவலையாகத்தான் இருக்க வேண்டும். எண்ணெய் காணாத தலைமுடிபோல் உச்சியில் தூவி சிலிர்த்து நிற்க, என் பூட்ஸைக் குத்திக் குத்திப் பார்த்தது. “குனியாதே, கண்ணைக் குத்தும்” என்று அண்ணன் கத்தினார். தகவல் சொன்னதும் ஆள் வந்து பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். பிழைத்ததா என்று யாரிடம் கேட்பது?

மறு ஆண்டு என்னைப் புல் வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். மரத்தடிக்கு வந்த புதுப் பையனிடம் என் அகலத் தொப்பியைக் கொடுத்தேன். வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“மழை வருமா அண்ணே?”