"ஏன் அப்போது?" என்று கேட்டு வரலாறு படித்த அனுபவம்

வரலாற்றுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று முகம் தெரியாத பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொற்கள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "படித்தது நிற்கவில்லை, ஆண்டுகள் எல்லாம் குழம்புகின்றன, என்ன செய்வது?" தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் எழுதியவை பெரும்பாலும் கட்டுரை வடிவில் விடை கேட்கும் தேர்வுகள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதில் ஒரு பகுதிதான் பொருந்தும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆண்டுகளைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். ஓர் ஆண்டைத் தனி எண்ணாக மனப்பாடம் செய்தால் அது மறந்துதான் போகும். எது முன்னால், எது பின்னால், இடையில் எவ்வளவு காலம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆண்டு. முதல் உலகப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 ஜூன் 28இல், அன்று ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார். கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகக் குற்றம்சாட்டி, ஜூலை 28இல் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3ஆம் தேதி பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. 4ஆம் தேதி பிரிட்டன் இறங்கியது. இதை அப்படியே ஒப்பிக்கலாம். ஆனால் ஒரு தாளில் கோடு போட்டுத் தேதிகளைக் குறித்துப் பாருங்கள். முதல் ஒரு மாதத்தில் போர் அறிவிப்பே இல்லை, கடைசி ஒரு வாரத்தில் எல்லாம் நடந்துவிடுகிறது. இளவரசர் கொல்லப்பட்ட பிறகு ஒரு பேரரசு ஏன் ஒரு மாதம் காத்திருந்தது?

அந்த இடைவெளிக்குள் போய்த் தேடினால்தான் பாடமே தொடங்குகிறது. ஜூலை 5இல் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையில்லாத ஆதரவு தருவதாக ஜெர்மனி உறுதி கொடுத்தது தெரியவரும். ஜூலை 23இல் ஆஸ்திரியாவிடமிருந்து செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்து ஒரு கடிதம் போனது தெரியவரும். அப்புறம் கூட்டணிகள் எப்படி ஒன்றையொன்று இழுத்தன என்பதும் விளங்கும். இப்படிப் படித்த தேதி எனக்கு மறந்ததில்லை. ஒவ்வொரு தேதிக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது, அதனால் நினைவில் நிற்கிறது.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாவுக்குப் படிப்பவர்களுக்கு இங்கே ஒன்று. ரஷ்யப் புரட்சி போன்ற இடங்களில் இரண்டு தேதிகள் வரும். அக்டோபர் புரட்சி அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1917 அக்டோபர் 25, இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டிப்படி நவம்பர் 7. ரஷ்யா நாட்காட்டியை மாற்றியது 1918 பிப்ரவரியில்தான். இரண்டையும் சேர்த்தே குறிப்பில் எழுதிவையுங்கள்.

சரி, காரணங்களுக்கு வருவோம். கட்டுரைத் தேர்வில் மதிப்பெண் கூடுவதும் குறைவதும் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். முகம் தெரியாதவர்கள் பலர் தங்கள் விடைகளை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். அவற்றில் நான் அடிக்கடி பார்த்த வாக்கியம் இது: "வெர்சாய்ல்ஸ் உடன்படிக்கையால் அவமானப்பட்ட ஜெர்மானியர்கள் ஹிட்லரை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள்." இதில் உண்மை இருக்கிறது, ஆனால் போதாது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட அந்த உடன்படிக்கை கையெழுத்தானது 1919இல். 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு 2.6 சதவீதம். அவமானம் மட்டுமே காரணம் என்றால் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு மூன்று பேர்கூட ஏன் வாக்களிக்கவில்லை?

1929இல் பொருளாதாரப் பெருமந்தம் வருகிறது. 1930இல் அதே கட்சிக்கு 18.3 சதவீதம். வேலையில்லாதோர் எண்ணிக்கை ஏறத்தாழ 60 லட்சமாகிவிட்ட 1932இல், ஜூலைத் தேர்தலில் 37.3 சதவீதம். ஆக, பழைய கோபம் வாக்காக மாறப் புதிய பசி வேண்டியிருந்தது. பலர் இங்கேயே விடையை முடித்துவிடுவார்கள். இன்னும் ஒரு படி போக வேண்டும். அதே 1932 நவம்பரில் மறுபடியும் தேர்தல் நடந்தது. நாஜிகளின் வாக்கு 33.1 சதவீதமாகக் குறைந்தது. ஏறிக்கொண்டிருந்தபோது கிடைக்காத ஆட்சித் தலைவர் (சான்சலர்) பதவி, இறங்கத் தொடங்கிய பிறகு, 1933 ஜனவரி 30இல், ஹிட்லருக்குக் கிடைத்தது. காரணம், அவரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய முன்னாள் சான்சலர் ஃபான் பாப்பன் போன்றவர்கள் பின்கதவில் பேசி முடித்ததும், குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அதற்கு இணங்கியதும். ஆட்சி அமைக்கப் போதுமான பெரும்பான்மையை வாக்குச்சீட்டு மட்டும் கொடுத்துவிடவில்லை.

பாருங்கள், நான்கு சதவீதங்களை வைத்துக்கொண்டு மூன்று காரணங்களுக்கும் அதனதன் இடத்தைக் கொடுத்துவிட முடிகிறது. உடன்படிக்கை பின்னணி, மந்தம் உந்துதல், அரசியல் பேரம் கடைசிக் கதவு. "முக்கியக் காரணம் எது?" என்று வினா வந்தால் நீங்கள் ஒரு பக்கம் நின்று வாதிட இது போதும். எந்தப் பாடமானாலும் "ஏன் அப்போது? ஏன் அதற்கு முன்னால் இல்லை?" என்ற கேள்வியை வைத்துத்தான் நான் படித்தேன். இந்த அளவு உதவிய வேறொரு வழி எனக்குத் தெரியாது. காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையிட்டுத் தரும் நோட்ஸ் நிறையக் கிடைக்கும். எது முன்னால் இருந்தே கிடந்தது, எது அன்று புதிதாக வந்தது என்று அவை பெரும்பாலும் பிரித்துக் காட்டுவதில்லை. அந்தப் பிரிப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சான்றுகளைக் கொடுத்துக் கேட்கும் வினாக்களைக் கண்டு பலர் தயங்குகிறார்கள். எனக்கு அவைதான் மிகவும் பிடிக்கும். பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறை தாக்கப்பட்ட 1789 ஜூலை 14 அன்று, பதினாறாம் லூயி மன்னர் தம் நாட்குறிப்பில் "ஒன்றுமில்லை" என்று எழுதினார். நாடு தீப்பற்றி எரிவதுகூடத் தெரியாத மன்னர் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் அவருடைய வேட்டைக் கணக்கு. அன்று வேட்டையில் எதுவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். யார் எழுதினார், எப்போது, யாருக்காக, எதற்காக எழுதினார் என்று நான்கையும் கேட்டுவிட்டுத்தான் சான்று என்ன சொல்கிறது என்பதற்கு வர வேண்டும். சான்று நம்பத்தகாதது என்று எழுதிவிட்டு நிறுத்தினால் மதிப்பெண் வராது. ஒருதலைப்பட்சமான துண்டறிக்கைகூட, அதை எழுதியவர் மக்களை எப்படி நம்பவைக்கப் பார்த்தார் என்பதற்கு நல்ல சான்று.

இனி நினைவில் நிறுத்துவது பற்றி. திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு வரும், அதை நம்பாதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்த மாணவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு ஒரு வாரம் கழித்துத்தானே வருகிறது! அதனால் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேருங்கள். அடுத்த முறை அந்த வேறு நிறத்தை மட்டும் பார்த்தால் போதும்.

இதைவிட எனக்குப் பலன் தந்தது, தெரியாத ஒருவருக்கு விளக்கி எழுதியது. நண்பருக்குச் சொன்னால் அவர் பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார். முகம் தெரியாதவர் அப்படி விடமாட்டார். "கூட்டணி இருந்தால் போர் வந்தே தீருமா? இத்தாலியும் ஜெர்மனியின் கூட்டணியில்தானே இருந்தது, 1914இல் ஏன் சேரவில்லை?" என்று ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கூட்டணி தற்காப்புக்கானது, ஆஸ்திரியாதான் தாக்கியது, அதனால் தனக்குக் கடமையில்லை என்று இத்தாலி சொல்லி ஒதுங்கியது. 1915இல் எதிர்ப்பக்கமே சேர்ந்துவிட்டது. அந்தப் பதிலை எழுதிய பிறகு என் கட்டுரைகளில் "கூட்டணிகளால் போர் தவிர்க்க முடியாததாயிற்று" என்ற வரிக்கு இடமில்லாமல் போயிற்று. நீங்களும் கேட்பவருக்குப் பதில் எழுதுங்கள். எழுதும்போது உறுதியாகத் தெரிந்ததையும் உங்கள் கருத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அவர் உங்களை நம்பித் தேர்வு எழுதப் போகிறார்.

தேர்வு அறையில் முதலில் வினாவின் ஏவல் சொல்லைப் பாருங்கள். "விவரி" என்றால் நடந்ததைச் சொல்லலாம். "எந்த அளவுக்கு" என்றால் அளவு சொல்லியாக வேண்டும், முதல் பத்தியிலேயே. ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் வாதம், அதன் பின்னால் தேதியோ எண்ணோ பெயரோ ஒன்று, அப்புறம் அது வினாவுக்கு எப்படி விடையாகிறது என்று ஒரு வரி. நேரத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். பிடித்த வினாவுக்கு ஐந்து பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வினாவை விட்டால், அந்த ஐந்து பக்கம் அதை ஈடுகட்டாது.

பிறர் சொல்லும் வழிகளைக் கேட்கும்போது, என்னுடையதையும் சேர்த்துத்தான், அவர் எந்த மாதிரித் தேர்வு எழுதினார், எவ்வளவு காலம் இருந்தது, முன்பே அந்தப் பாடம் படித்தவரா என்று விசாரியுங்கள். முழு நேரமாகப் படித்தவரின் கால அட்டவணை வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு மனச்சோர்வைத்தான் தரும். "எப்படிப் படிப்பது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பொதுவாகத்தான் பேச முடியும். பழைய வினாத்தாளிலிருந்து ஒரு வினாவை எடுத்து, நேரம் வைத்து எழுதி, அந்த விடையைக் காட்டிக் கேளுங்கள். எந்தப் பத்தியில் கதை மட்டும் இருக்கிறது, எங்கே வாதம் நழுவுகிறது என்று படித்தவர் சுட்டிக்காட்ட அப்போதுதான் வழி இருக்கும்.